குக்கருக்குள் என்ன இருக்கிறது?

திருவொற்றியூர் தேரடிப் பக்கத்து டீக்கடையில் போன வாரம் ஒரு பட்டிமன்றம் நடந்தது. நடுவர் யாரும் கிடையாது, எல்லாரிடமும் தீர்ப்புதான். எங்கோ ஒரு விமான நிலையத்தில் சோதனையின்போது ஒருவர் "பையில் பாம் இருக்கு" என்று விளையாட்டாகச் சொல்லிக் கைதாகிவிட்டாராம். பேப்பரில் வந்திருந்தது.

பேங்கிலிருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் மடித்த பேப்பரால் மேசையைத் தட்டினார். "ஒரு வருஷம் உள்ள போட்டாத்தான் இவனுங்களுக்குப் புத்தி வரும். விளையாடற எடமா அது?"

எதிரே மெக்கானிக் ஒருவன். "பாம்னு சொன்னா வெடிச்சிடுமா சார்? தோ, நானுந்தான் சொல்றேன், பிரியாணி, பிரியாணி, பிரியாணி. வருதா பாரு."

கடை சிரித்தது. டீ மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீதான் அந்த லைன்ல இருந்த ஆளாச்சே நைனா. நீ சொல்லு, எது கரீட்டு?"

"உன் டீல பாலே இல்ல, அத மொதல்ல சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். வாயில் ஜோக் வைத்திருப்பவனுக்கு இது ஒரு வசதி. பதில் தெரியாத இடத்திலெல்லாம் ஒன்றைத் துப்பிவிட்டு நடையைக் கட்டலாம். ஆனால் வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

துறைமுகத்தில் அந்தமான் கப்பலுக்குப் போகிறவர்களின் சாமான்களைச் சோதிக்கும் கூடத்தில், எக்ஸ்ரே மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஜட்டி முதல் சட்னிப் பொடி வரை ஊரார் பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் பார்த்து, அதற்குச் சம்பளமும் வாங்கியவன். பிறர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கிறான் என்று என் மனைவி என்னைத் திட்டுவது வழக்கம். "அது என் உத்தியோகம்" என்று கம்பீரமாகப் பதில் சொல்ல முடிந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் தெருவில் நான்தான்.

பிறவியிலேயே காவலன் இல்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் போல்ட்டுக்கு மரை போட்டுக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அதை மூடினார்கள். என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. பிறகு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மார்பளவு எடுத்தவர் டேப்பைச் சுற்றிவிட்டு, உள்ளே ஆள் இருக்கிறானா என்று எட்டிப் பார்த்தார். எனக்கு முன்னால் இருந்தவனின் யூனிபாரத்தைத்தான் கொடுத்தார்கள். அவன் நல்ல ஆகிருதியான ஆள் போலிருக்கிறது. நான் திரும்பினால் சட்டை கொஞ்சம் தாமதமாகத் திரும்பும்.

பயிற்சி தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தைய நாள் கல்யாணத்து மாலைகளும் மணமக்கள் பெயரும் மேடையில் அப்படியே இருந்தன. அந்தத் தெர்மாகோல் எழுத்துகளுக்குக் கீழே நின்றுதான் வெடிமருந்து வகைகளைப் படித்தோம். அங்கே கற்றதில் உருப்படியானது ஒன்றுதான். திரையில் தின்பண்டம், தோல், துணி எல்லாம் ஆரஞ்சு நிறமாகத் தெரியும். இரும்பு நீலம். இரண்டுங்கெட்டான் பச்சை. கதிர் துளைக்க முடியாதது கறுப்பு. கறுப்பைப் பார்த்தால் பெல்ட்டை நிறுத்து, பெட்டிக்காரரைக் கூப்பிடு, அவர் கையாலேயே திறக்கச் சொல். அவ்வளவுதான் என் சாஸ்திரம்.

அந்தமான் போகிறவர்கள் இந்த சாஸ்திரத்தை உடைப்பதற்கென்றே மூட்டை கட்டுவார்கள். அந்தத் தீவில் அம்மிக்கல் கிடைக்காது என்று யார் கிளப்பிவிட்டார்களோ, வாரத்துக்கு ஒரு அம்மி வரும். பணியாரக்கல் வரும். முறுக்குப் பிழியும் உழக்கு பக்கவாட்டில் படுத்திருந்தால் அசல் கைத்துப்பாக்கி. முதல் மாதத்தில் நான் பிடித்த பயங்கரவாதிகள் எல்லாருமே தீபாவளிக்கு முறுக்குச் சுடும் மாமிகள்தான்.

எங்கள் மேலதிகாரி பட்டாளத்தில் இருந்து வந்தவர். சுபேதார் சார் என்றுதான் கூப்பிடுவோம். வேலூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கைக்குட்டையை எடுத்து மேசை விளிம்பைத் துடைப்பார். மேசை பளபளவென்று இருந்தால் அன்று யாருக்கோ மெமோ என்று அர்த்தம். காலையில் வந்ததும் வரிசையில் நிற்க வைத்து எங்கள் நகங்களைப் பார்ப்பார். எங்களுக்குத் தெரியாமல் மாதம் ஒரு தடவை ஏதாவது பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியை வைத்து அனுப்பிச் சோதிப்பார். கண்டுபிடித்தால் பாராட்டு கிடையாது. தலையை ஓர் அங்குலம் அசைப்பார். அந்த அசைவுக்காக நாங்கள் கழுத்தைச் சாய்த்துக் காத்திருப்போம்.

அமெரிக்காவில் கோபுரங்கள் விழுந்த பிறகு எல்லா இடத்திலும் சட்டம் இறுகியது. எங்கள் கூடத்தில் புதிதாக ஒரு பலகை மாட்டினார் சுபேதார். வெடிகுண்டு, துப்பாக்கி, கடத்தல் போன்ற சொற்களை விளையாட்டுக்காகவும் உச்சரிக்கக் கூடாது, மீறினால் சட்டப்படி நடவடிக்கை என்று தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. நான் சும்மா இருப்பேனா?

"சார், ஒரு சந்தேகம். எழுதப் படிக்கத் தெரியாத சம்சாரத்துக்குப் புருஷன் இந்த போர்டை சத்தமா வாசிச்சுக் காட்டினா அவனைப் பிடிக்கணுமா?"

சுபேதார் சிரிக்கவில்லை. யோசித்தார். "வாசிக்கிறது வேற. சொல்றது வேற" என்றார். பிறகு மேசையைத் துடைத்தார்.

அந்தப் பலகையாலும் அதோடு வந்த புது விதிகளாலும் எத்தனையோ வழக்காடல்கள் நடந்தன. ஒரு சின்னப் பயல் கையில் பொட்டு வெடி வைத்து அடிக்கும் துப்பாக்கி. விதியில் இருந்த 'துப்பாக்கி போன்ற பொருள்' என்ற வரியின் கீழ் அது வருகிறது என்றார் சுபேதார். பயலின் அப்பா கூடத்தையே கூட்டிவிட்டார். "இது துப்பாக்கி மாதிரின்னா, என் கொழுந்தியா மூஞ்சி பீரங்கி மாதிரி கீது. அவள இன்னா பண்ணுவீங்கோ?" கடைசியில் பொம்மைக்கு ஒரு சீட்டு கட்டிச் சரக்கறைக்கு அனுப்பினோம். பயல் கப்பல் ஏறும் வரை அழுதான். நான் சிரித்தேன். அந்தக் கூடத்தில் சிரித்துக்கொண்டே வேலை பார்த்த காலம் அது.

தேசப்பன் வந்த நாளைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

அன்று காலை வரிசையில் ஒரு நிஜத் துப்பாக்கியும் வந்திருந்தது. போர்ட் பிளேரில் ஏதோ ஒரு காவல் வேலைக்குப் போகும் முன்னாள் பட்டாளத்துக்காரர், லைசென்ஸ் வைத்த இரட்டைக் குழல். காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. தோட்டாக்களைத் தனியாக எண்ணி உறையிலிட்டு, துப்பாக்கியைக் கப்பல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். அதுதான் முறை. சுபேதார் அவருக்கு நாற்காலி போட்டார். டீ வாங்கி வரச் சொன்னார். இரண்டு பேரும் எந்த ரெஜிமென்ட், எந்த மலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுபேதார் முகம் மலர்ந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

வரிசையில் தேசப்பன் நான்கைந்து பேருக்குப் பின்னால் நின்றார். ஐம்பது வயதிருக்கும். காசிமேட்டில் போட்டுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிற வேலை. பாளம் பாளமாக ஐஸைத் தூக்கித் தூக்கி விரல்கள் எப்போதும் ஊறிப்போனவை போல வெளுத்திருந்தன. புதுச் சட்டையின் காலரில் கடைக்காரன் குத்திய அட்டை இன்னும் அப்படியே இருந்தது. என் மெஷினை நெருங்குவதற்குள் தன் கதையை வரிசை முழுவதற்கும் சொல்லி முடித்திருந்தார். எனக்குத் தனியாக ஒரு தடவை சொன்னார்.

"எம்பொண்ணு கூப்ட்டுக்கீறா தம்பி. செல்வி. மூணு வருசமாச்சு. அந்தமான்ல கரண்டு வேல பாக்கற பையனோட போய்ட்டா. நான் வேற, உங்கப்பன் செத்துட்டான்னு நெனச்சுக்கன்னு சொல்லி வுட்டுட்டேன். அம்மா இல்லாத பொண்ணு. போன மாசம் ஐஸ் கம்பெனிக்கு போன் பண்றா. நைனா, புள்ள நடக்குது, வந்து பாருங்கறா."

"போய் இன்னாண்ணே சொல்லப் போற?"

"இன்னாத்த சொல்றது. கப்பலாண்ட வந்து நிக்கறேன்னுக்கீறா. நான் எறங்குனாவே போதாதா?"

அவர் பை பெல்ட்டில் ஏறியது. கருவாடு, ஆரஞ்சு. குழந்தைக்குப் பாவாடை சட்டை, ஆரஞ்சு. அப்புறம் ஒரு குக்கர் வந்தது. அலுமினியத்தின் நிறம் எனக்குத் தெரியும். குக்கருக்குள்ளே தெரிந்தது கறுப்பு. அடியில் வட்ட வட்டமாக உலோகம், அதன் மேல் கெட்டியாக அடைத்த ஏதோ ஒன்று. மூடியைச் சுற்றிக் கம்பி வேறு. பெல்ட்டை நிறுத்தினேன்.

"அண்ணே, குக்கருக்குள்ள இன்னா கீது?"

"அரிசி."

"அரிசி இப்டி வராதே."

"காசு போட்டுக்கீறேன். மஞ்சக் கெயங்கு. வெல்லம்."

எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்க மாட்டார்கள். அரிசியும் மஞ்சளும் காசும் நிறைத்து, மூடி, மஞ்சள் கயிறு கட்டி அனுப்புவார்கள். கப்பலில் கவிழாமல் இருக்க இவர் கயிற்றின் மேல் கட்டுக்கம்பியும் சுற்றியிருந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்தில் கொடுத்திருக்க வேண்டிய குக்கர்.

"தொறந்து காட்டிட்டு மறுபடி கட்டிக்கண்ணே."

"அதெப்டி? எம்பொண்ணுதான் தொறக்கணும். நடுவுல தொறந்தா வெளங்குமா?"

"நான் பார்த்தாவணுமே. உள்ள இன்னா கீதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?"

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காலையிலிருந்து யாரிடமாவது அதைக் கொட்டிக்கொண்டே இருந்த மனுஷன். வரிசையைத் திரும்பிப் பார்த்து, கையை விரித்து, கூத்தில் ராஜா வசனம் பேசுவது போலச் சொன்னார்.

"பாம் கீது நைனா! கொண்டும்போயி மாப்ள வூட்ல வெடிக்கப் போறேன். வுடு, கப்பலு போய்டப் போவுது!"

வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் 'சோறு துன்னியா?' என்று கேட்டால், 'இல்ல, சட்டிய மோந்து பார்த்துட்டு வந்தேன்' என்றுதான் பதில் வரும். தெரிந்ததையே கேட்கிறவனுக்குத் தெரியாததைச் சொல்லி வைப்பது எங்கள் உபசாரம். அப்படிப் பதில் வராவிட்டால்தான் ஆள் கோபமாக இருக்கிறான் என்று பயப்படுவோம்.

எனக்குப் பின்னால் டீ கிளாஸை வைக்கும் சத்தம் கேட்டது. சுபேதார் எழுந்து வந்தார்.

"யார் சொன்னது?" அதே மெல்லிய குரல்.

"நான்தான் சார்" என்றார் தேசப்பன், சிரிப்பு மாறாமல். அடுத்த வசனத்துக்குச் சுபேதார் எடுத்துக் கொடுக்கிறார் என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு பிசகு கிடையாது. பெல்ட்டின் மின்சாரம் நிறுத்தப்பட்டது. கூடத்திலிருந்து எல்லாரும் கைக்குழந்தைகளோடு வெயிலுக்கு வெளியேற்றப்பட்டார்கள். போலீஸுக்குச் சொல்லியாயிற்று. நாங்கள் ஒத்திகை பார்த்த ஒவ்வொரு படியையும் ஒத்திகையை விட நன்றாகச் செய்தோம். தேசப்பனுக்கு மட்டும் ஒத்திகை இல்லை.

"அய்யே, சார், அரிசி சார். தோ, தொறந்து காட்றேன் பாரு" என்று குக்கரின் மேல் பாய்ந்து கம்பியை முறுக்கத் தொடங்கினார். திறக்க மாட்டேன் என்றவர் இப்போது திறக்கப் போனார். அதுதான் பெரிய தப்பாகிவிட்டது. இரண்டு பேர் அவரைக் குப்புறத் தள்ளி முதுகில் முழங்காலை வைத்தார்கள். கன்னம் தரையில் பதிந்த நிலையில் அவர் என்னைத்தான் பார்த்தார். "தம்பி, சொல்லு தம்பி. நீ சிரிச்சியே, சொல்லேன்."

"சார், ஜோக்குக்குச் சொன்னாரு சார். நம்ம ஏரியா ஆளு" என்றேன்.

"சொன்னாரா இல்லையா?" என்றார் சுபேதார்.

"சொன்னாரு."

"அவ்வளவுதான்."

வெடிகுண்டு நிபுணர்கள் வந்தார்கள். குக்கரைக் குடோனுக்குப் பின்னால் இருந்த காலி இடத்துக்குக் கொண்டுபோய், மணல் மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, தொலைவில் இருந்தே உடைத்தார்கள். டப் என்று ஒரு சத்தம். தானியக் குடோன் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. புகை அடங்குவதற்குள்ளேயே திரும்ப இறங்கின. மஞ்சள் படிந்த அரிசி அந்த இடம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. நிபுணர் ஒருவர் குனிந்து இரண்டு விரலால் வெல்லக் கட்டி ஒன்றை எடுத்து, மோந்து பார்த்து, கீழே போட்டார்.

வெயிலில் நின்ற கூட்டம் தேசப்பனைத் திட்டிக்கொண்டிருந்தது. வரிசையில் அவர் ஜோக்குக்கு முதலில் சிரித்த ஆள்தான் இப்போது எல்லாரையும் விடச் சத்தமாகத் திட்டினான். "அறிவில்ல? கொயந்த குட்டிங்கோ கீது, இன்னா பேச்சு பேசறான் பாரு." தாமதமாகக் கப்பல் புறப்பட்டது. நாற்காலியில் அமர்ந்து டீ குடித்தவரும் ஏறினார். அவர் துப்பாக்கியும் ஏறியது.

அவரை ஜீப்பில் ஏற்றும்போது கப்பலின் சங்கு ஊதியது. தேசப்பன் ஒரு நிமிஷம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு அவசர அவசரமாக என்னிடம் ஒரு நம்பர் சொன்னார். செல்வி வீட்டுப் பக்கத்து மளிகைக் கடை நம்பர். "நான் வர்லன்னு மட்டும் சொல்லிடாத தம்பி. வந்தேன்னு சொல்லு. கப்பலேற வரச்சொல்ல இப்டியாச்சுன்னு சொல்லு."

சாயங்காலமே ராயபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் போய் உட்கார்ந்தேன். மளிகைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மூச்சு வாங்க ஓடிவந்து எடுத்தாள் செல்வி.

"நைனா?"

"இல்லம்மா, நான் ஹார்பர்ல செக்யூரிட்டி. உங்க நைனா கப்பலுக்கு வந்தாரும்மா. ஆனா ஏற முடில."

"ஏன், ஒடம்புக்கு எதுனாவா?"

"ஒடம்பெல்லாம் நல்லாக்கீது. செக்கிங்ல இன்னா கீதுன்னு கேட்டதுக்கு பாம் கீதுன்னு சொல்லிட்டாரு. அதுக்குப் புடிச்சு ஸ்டேஷன்ல வெச்சுக்கீறாங்கோ."

அந்தப் பக்கம் அவள் சிரித்துவிட்டாள். பெரிய சிரிப்பு. நான் காத்திருந்தேன். சிரிப்பு பாதியில் நின்றது.

"அண்ணா, பக்கத்துலதான் நிக்கறாரா?"

"யாரு?"

"எங்க நைனா. அவரு பண்ற வேல எனக்குத் தெரியாதா? அம்மா ஆஸ்பத்திரில சாவக் கெடக்கச்சொல்லவும் ஜோக்குதான். நான் வூட்ட வுட்டுப் போறேன்னு சொன்ன அன்னிக்கும் ஜோக்குதான். வர்றதுக்கு மனசு இல்லன்னா இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. அதுக்கு ஆள் வெச்சு கத வுட வேணாம்."

"நெஜமா சொல்றேம்மா, சாமி சத்தியமா..."

என் குரலில் என்ன கோளாறோ. வாழ்நாள் முழுக்க எதைச் சொன்னாலும் ஒரு பக்க உதட்டால் சொல்லிப் பழகியவன். உண்மையைச் சொல்லும்போதும் அது அப்படியேதான் வந்திருக்க வேண்டும். அவள் போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன். "அந்தப் பொண்ணு போயிடுச்சு சார். அழுதுகிட்டே போச்சு" என்றார் மளிகைக்காரர்.

மறுநாள் மாலைப் பேப்பரில் குக்கரில் வெடிகுண்டா என்று கொட்டை எழுத்தில் வந்தது. சலூனில், ரேஷன் வரிசையில், பஸ்ஸில் எங்கும் அதே விவாதம்தான். உள்ளே போடணும் என்றது பாதி ஊர். ஒரு சொல்லுக்கா என்றது மீதி ஊர். காசிமேட்டில் ஒரு மனுஷன் மகளைப் பார்க்கக் கிளம்பினான் என்று எந்தப் பாதியும் பேசவில்லை.

அதற்கடுத்த நாள் சுபேதார் என் வாக்குமூலத்தைப் படித்தார். 'சிரித்துக்கொண்டே சொன்னார், வரிசையில் இருந்தவர்களும் நானும் சிரித்தோம்' என்று எழுதியிருந்தேன்.

"இந்த வரி வேண்டாம். எடுத்துடு."

"நடந்தது அதானே சார்."

"சொன்னதை எழுது போதும். சிரிச்சதுக்கு சாட்சி தேவையில்லை. அப்புறம் நீ ஏன் சிரிச்சேன்னு கேப்பாங்க."

"சார், அரிசின்னு தெரிஞ்சுபோச்சே. இன்னும் என்ன சார்?"

கைக்குட்டை வெளியே வந்தது. ஆனால் மேசையைத் துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார். "பட்டாளத்துல ஒரு டிபன் பாக்ஸு. அதைப் பாத்து என்னோட ஆளுங்க சிரிச்சாங்க. நான் தண்ணி பிடிக்கப் போயிருந்தேன். அதனால உயிரோட இங்க உக்காந்திருக்கேன்." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "நீ விதியில இருக்கற தமிழ்ல கேட்டிருந்தா, அவனும் விதியில இருக்கற தமிழ்ல பதில் சொல்லியிருப்பான்" என்றார். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

வரியை எடுக்கவில்லை. வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பக்கம் எழுதவே எனக்கு அரை நாள் ஆகியிருந்தது, மறுபடி முதலிலிருந்து எழுதத் தெம்பில்லை. அந்த வரி தேசப்பனுக்குப் பிரயோஜனப்பட்டதாகவும் தெரியவில்லை. எனக்கு மட்டும் மாற்றல் வந்தது, அத்திப்பட்டுப் பக்கம் ஒரு நிலக்கரிக் கிடங்கின் கேட்டுக்கு. அங்கே எக்ஸ்ரே கிடையாது. எல்லாமே கறுப்புதான்.

தேசப்பனுக்கு ஜாமீன் கிடைத்தது. ஊரை விட்டுப் போகக் கூடாது, ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. மளிகைக் கடைக்குப் போன் செய்து பார்த்திருக்கிறார். செல்வி வருவதில்லை. வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. வாய்தாவுக்கு வாய்தா ஐஸ் கம்பெனியில் ஒரு நாள் வேலை போகும். நான் இரண்டு தடவை காசிமேட்டில் போய்ப் பார்த்தேன். இரண்டு தடவையும் ஐஸ் பாளத்தின் மேல் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். சூடும் குளிருமாக நான் துள்ளியதைப் பார்த்து, பழைய தேசப்பனாக இருந்தால் என்னென்ன சொல்லியிருப்பார்! சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடையில் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், ஆயிரம் குக்கரில் ஒன்று நிஜமாகவே இருந்துவிட்டால் யாரும் சிரிக்க மிஞ்ச மாட்டார்கள். அன்று பெல்ட்டை நிறுத்தியது சரி. கூட்டத்தை வெளியேற்றியது சரி. குக்கரை உடைத்ததுகூடச் சரி. ஆனால் அரிசி என்று தெரிந்த பிறகு அந்த ஆளை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து, ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, எதற்குப்பா அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு, அடுத்த கப்பலுக்குச் சீட்டை மாற்றிக் கொடுத்திருக்கலாம். துப்பாக்கிக்கு நாற்காலி போட விதியில் இடமிருந்தது. இதற்கு ஒரு ஸ்டூல் போடவும் இடம் இருந்திருக்க வேண்டும். நான் எந்தப் பாதி ஊர் என்று கேட்டால், ஸ்டூல் கட்சி.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடி, அபராதத்தோடு வழக்கு முடிந்தது. தேசப்பன் கப்பல் ஏறினார் என்று கேள்விப்பட்டேன். நான் அங்கே இல்லை. வேறு யாரோ கேட்டிருப்பார்கள், அவரும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பார்.

திரும்பி வந்தவர் ஒரு மத்தியானம் என்னைத் தேடிக்கொண்டு அத்திப்பட்டு கேட்டுக்கே வந்துவிட்டார். கரித்தூள் படியாத பெஞ்சாகப் பார்த்து உட்கார வைத்தேன்.

"பார்த்தியாண்ணே?"

"பார்த்தேன்."

"கொயந்த?"

"பள்ளிக்கோடம் போவுது. இந்தி பேசுது. என்ன யாருன்னு அவங்கம்மாவாண்ட கேக்குது."

"செல்வி இன்னா சொன்னா?"

"சோறு போட்டா. நல்லாத்தான் போட்டா, மீன் கொயம்பு. கோர்ட்டுக் காயிதத்தக் காட்டுனேன். அப்பதான் நடந்தது நெஜம்னு நம்புனா." வெளுத்த விரல்களை மடக்கி நீட்டினார். "அப்பால கேட்டா. எல்லாஞ் சரி நைனா, என்னப் பாக்க வர்ற அன்னிக்குப் போயி எதுக்கு அப்டி ஒரு பேச்சுப் பேசுனன்னு கேட்டா. உன்னப் பாக்கப்போற சந்தோசத்துல பேசிட்டேம்மான்னேன். எய்ந்து போயி பாத்திரம் கெய்வ ஆரம்பிச்சுட்டா."

லாரி ஒன்று ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"கோர்ட்ல வக்கீலும் அதான் கேட்டாரு தம்பி. சந்தோசத்துலன்னுதான் அவராண்டயும் சொன்னேன். அதெல்லாம் எடுபடாது, குடிச்சிருந்தேன்னு சொல்லுன்னாரு. அன்னிக்கு நான் ஒரு சொட்டு தொடல. ஆனா குடிச்சிருந்தேன்னு சொன்னதும் ஜட்ஜய்யா தலய ஆட்டி எயுதிக்கினாரு." தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செல்வியாண்டயும் அதயே சொல்லிருக்கணும். நம்பிருப்பா."